டெஸ்டு தப்பில்லை, எடுத்த நாள்தான் தப்பு!
(உடல்நலப் பகுதி)



சென்ற மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு உறுப்பினரின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊரெல்லாம் டெங்கு என்று பேச்சு. அந்த அக்கா பயந்துபோய், மறுநாள் காலையிலேயே குழுவில் அவசரக் கடன் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனார். டாக்டரிடம் போகவில்லை. நேராக ஒரு லேபுக்குப் போய், "டெங்கு டெஸ்டு எடுங்க" என்று அவரே கேட்டு எடுத்தார்.

சீட்டில் இரண்டே வரி. ஐ.ஜி.எம். நெகட்டிவ். ஐ.ஜி.ஜி. நெகட்டிவ்.

"டெங்கு இல்லைன்னு வந்துருச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சனிக்கிழமை காய்ச்சலும் விட்டது. ஆனால் பிள்ளை எழுந்திருக்காமல் சோர்ந்து கிடந்தாள். வயிறு வலிக்குது என்றாள். "நாலு நாளாச் சாப்பிடாமக் கெடந்தா வலிக்கத்தான் செய்யும்" என்று பாட்டி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வாந்தி நிற்கவே இல்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. பார்க்க வந்த குழு ஊக்குநர் பதறிப்போய் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ். ஒரு வாரம் இருந்து பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினாள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த அக்கா டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். "புதன்கிழமை சீட்டுல இல்லைன்னு போட்டிருந்துச்சே சார், அந்த லேபுக்காரங்க ஏமாத்திட்டாங்களா?"

டாக்டர் சொன்னது இதுதான்: "யாரும் ஏமாத்தலைம்மா. டெஸ்டும் தப்பில்லை. எடுத்த நாள்தான் தப்பு."

இந்தப் பதில் எங்கள் சுகாதாரக் குழுவை யோசிக்க வைத்தது. நம் உறுப்பினர்கள் வாங்கும் அவசரக் கடனில் மருத்துவச் செலவுக்கு வாங்குவது நிறைய. அதில் ரத்தப் பரிசோதனைக்கும் கணிசமாகப் போகிறது. காசு கொடுத்து வாங்குகிற சீட்டு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரியாமல் இருக்கலாமா? தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

வைரஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கிருமி. பல பரிசோதனைகள் அந்தக் கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடம்பு தயாரிக்கிற ஒரு பொருளைத் தேடுகின்றன. அதற்குத் தமிழில் எதிர்ப்பொருள் என்று பெயர். லேபில் ஆன்டிபாடி என்பார்கள்.

நம் ஊர் வழக்கத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு ஊருக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் யாருக்கும் விஷயம் தெரியாது. பிறகு ஊர் கூடிப் பேசி, வீட்டுக்கு ஓர் ஆள் என்று ராக்காவல் போடும். அந்த ஊருக்குப் புதிதாக வருகிற நீங்கள் திருடனைப் பார்க்க முடியாது. ஆனால் ராத்திரி தெருவில் கம்பும் டார்ச் லைட்டுமாக ஆட்கள் நிற்பதைப் பார்த்தால், "ஏதோ திருட்டு நடந்திருக்கு" என்று புரிந்துகொள்வீர்கள். ஆன்டிபாடி பரிசோதனை செய்வதும் இதைத்தான். காவல்காரர்களைப் பார்த்துத் திருடன் வந்ததைத் தெரிந்துகொள்கிறது.

காவல்காரர்களில் இரண்டு வகை உண்டு.

ஐ.ஜி.எம்.: அவசரத்துக்கு முதலில் ஓடி வருகிறவர்கள். கிருமி நுழைந்த சில நாட்களில் தெரிவார்கள். சில வாரம் அல்லது சில மாதம் இருந்துவிட்டுக் கலைந்து போவார்கள்.

ஐ.ஜி.ஜி.: கொஞ்சம் தாமதமாக வருகிறவர்கள். ஆனால் திருடனின் முகத்தை மறக்காதவர்கள். பல வருடம், சில நோய்களில் ஆயுள் முழுக்க, ரத்தத்தில் இருப்பார்கள். ஒரு முறை அம்மை வந்தவருக்கு அதே அம்மை பொதுவாகத் திரும்ப வராததற்கு இந்த நினைவும் ஒரு காரணம். தடுப்பூசி போடுவதும் இதற்காகத்தான். திருடனை உள்ளே விடாமலேயே அவன் அடையாளத்தை மட்டும் காட்டிக் காவலைப் பழக்குகிறோம்.

பரிசோதனை செய்யும் விதமும் கஷ்டமானதில்லை. கார்டு டெஸ்டில் ஒரு சிறிய அட்டைக்குள் நூல் போன்ற கோடாகச் சில பொருட்களைத் தடவி வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், அந்தக் கிருமிக்கான ஆன்டிபாடி இருந்தால் பிடிபட்டு நிறக்கோடு தெரியும். 15, 20 நிமிடத்தில் முடிவு வந்துவிடும். எலைசா என்பது பெரிய லேபுகளில் செய்வது. பணியாரச் சட்டி போலக் குழி குழியாக இருக்கும் தட்டில் செய்வார்கள். ஒரு தட்டில் 96 குழி. ஆன்டிபாடி இருக்கிற குழியில் நிறம் மாறும். அந்த நிறத்தை இயந்திரம் அளந்து சொல்லும். 1971-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் உருவாக்கிய முறை இது. சில மணி நேரம் ஆகும், ஆனால் கார்டைவிடப் பொதுவாக நம்பகமானது.

இனி, இந்தச் சீட்டுகளால் வருகிற நான்கு குழப்பங்களைப் பார்ப்போம்.

குழப்பம் 1: காவல் போடும் முன்பே பார்ப்பது

அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். டெங்குவில் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி பெரும்பாலும் காய்ச்சலின் 5-ஆம் நாள் வாக்கில்தான் ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். அவளுக்கு டெஸ்டு எடுத்தது 2-ஆம் நாள். திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், ஆனால் தெருவில் காவல் இன்னும் வரவில்லை. எனவே "நெகட்டிவ்" என்று வந்தது.

அப்படியானால் முதல் சில நாளில் டெங்குவைக் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும். என்.எஸ்.1 என்று ஒரு டெஸ்டு இருக்கிறது. அது ஆன்டிபாடியைத் தேடாது. டெங்கு வைரஸ் ரத்தத்தில் விடுகிற ஒரு புரதத்தையே தேடும். திருடன் கழற்றிப் போட்ட துண்டைக் கண்டெடுப்பது போல. இது முதல் நாளில் இருந்தே தெரியும். அதனால்தான் முதல் 5 நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். என்று நம் நாட்டு அரசு வழிகாட்டுதலில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் எலைசா முறையில் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு.

சிக்குன்குனியாவும் அப்படித்தான். 2006-ல் நம் பக்கமெல்லாம் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் கிடந்தோமே, மறந்திருக்க மாட்டோம். அதற்கும் ஐ.ஜி.எம். முதல் இரண்டு மூன்று நாளில் தெரியாது. ஏறக்குறைய ஒரு வாரம் ஆக வேண்டும்.

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் நீளம். கிருமி உடம்பில் நுழைந்து ஆன்டிபாடி தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகும். இதை "விண்டோ பீரியட்" என்பார்கள். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்து சில நாளிலேயே டெஸ்டு எடுத்து "இல்லை" என்று வந்தால், அது முடிவான பதில் இல்லை. 3 மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். இந்த இடைவெளியிலும் கிருமி ரத்தத்தில் இருக்கும், அடுத்தவருக்குப் பரவும். தனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுவே.

சீக்கிரம் எடுத்த டெஸ்டில் "நெகட்டிவ்" என்றால் "இன்று தெரியவில்லை" என்று மட்டுமே படியுங்கள்.

குழப்பம் 2: திருடன் போன பிறகும் நிற்கும் காவல்

இது முதல் குழப்பத்துக்கு நேர் எதிர். இதனால் நம் வீட்டுப் பெண்கள் படுகிற பாடு அதிகம்.

எங்களிடம் வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. யாரோ சொல்ல, "டார்ச்" என்ற பரிசோதனையை ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்திருக்கிறார்கள். டாக்சோபிளாஸ்மா, ருபெல்லா, சி.எம்.வி., ஹெர்பஸ் ஆகியவற்றுக்கான ஆன்டிபாடிகளை ஒன்றாகப் பார்ப்பது இந்தப் பரிசோதனை. இதில் டாக்சோபிளாஸ்மா மட்டும் ஒட்டுண்ணி, மற்றவை வைரஸ். சீட்டில் மூன்று இடத்தில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். அதைப் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில், "உன் ஒடம்புல கிருமி இருக்கு, அதான் தங்க மாட்டேங்குது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

சகோதரிகளே, ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமி வந்திருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறது என்று அர்த்தம். சி.எம்.வி. போன்றவை சிறு வயதிலேயே நம்மில் பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறவை. சீட்டைப் பார்த்து ஏசிய அந்த மாமியாருக்கு டெஸ்டு எடுத்தால் அவருக்கும் பாசிட்டிவ் என்று வரவே வாய்ப்பு அதிகம்! ருபெல்லாவில் ஐ.ஜி.ஜி. இருப்பது நல்ல செய்தியும்கூட. கர்ப்பமாக இருக்கும்போது முதல்முறையாக ருபெல்லா வந்தால்தான் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும். ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. 2017 பிப்ரவரியில் நம் மாநிலப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் போட்ட தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இந்தக் காவலை உண்டாக்கத்தான்.

திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களுக்கு இந்த டார்ச் பரிசோதனையை வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை என்றுதான் இன்றைய மகப்பேறு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கரு கலைவதற்கு வேறு காரணங்கள் பல. அவற்றைக் கணவன், மனைவி இருவரையும் வைத்து மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்க யாருக்கும் உரிமை இல்லை.

மஞ்சள் காமாலை சி வகையிலும் இதைக் கவனிக்க வேண்டும். கிருமி தானாக நீங்கியவருக்கும், மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும்கூட ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும். கிருமி இப்போது இருக்கிறதா என்று பார்க்க, வைரஸையே தேடுகிற வேறு பரிசோதனை எடுக்க வேண்டும்.

பி வகையில் பெயரே குழப்பும். எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ் என்றால் கிருமியின் மேலுறையே ரத்தத்தில் இருக்கிறது, அதாவது தொற்று இருக்கிறது. ஆன்டி-எச்.பி.எஸ். பாசிட்டிவ் என்றால் காவல் இருக்கிறது, அதாவது பாதுகாப்பு இருக்கிறது. ஒன்று கெட்ட செய்தி, மற்றது நல்ல செய்தி. "பாசிட்டிவ்" என்ற வார்த்தையை மட்டும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

இந்தப் பழைய காவலால் பயனும் உண்டு. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, 6 வயதுக்கு மேற்பட்டவர்களில் 67.6 சதவீதம் பேருக்குக் கொரோனா ஆன்டிபாடி இருந்தது. எத்தனை பேருக்கு நோய் வந்து போனது, எத்தனை பேருக்குத் தடுப்பூசி வேலை செய்தது என்று ஊர்க் கணக்கு எடுக்க இந்தப் பரிசோதனை உதவியது. ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2020 ஏப்ரலில், கொரோனாவைக் கண்டுபிடிக்க வாங்கிய துரித ஆன்டிபாடி கார்டுகள் ஊருக்கு ஊர் வேறு வேறு முடிவு காட்டியதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே கழகம் நிறுத்திவிட்டது. இன்றைக்கு யாருக்கு நோய் இருக்கிறது என்று பார்க்க மூக்கு, தொண்டையில் சளி எடுத்து வைரஸையே தேடும் பரிசோதனையைத்தான் நம்பினார்கள்.

குழப்பம் 3: அம்மா கொடுத்தனுப்பிய காவல்

எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய்க்குக் குழந்தை பிறக்கிறது. சில மாதம் கழித்து யாரோ அவசரப்பட்டுக் குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்டு எடுக்கிறார்கள். பாசிட்டிவ். "பச்சப் புள்ளைக்கும் வந்துருச்சே" என்று வீடே ஒப்பாரி வைக்கிறது.

ஆனால் அந்த ஆன்டிபாடி குழந்தையுடையது இல்லை! தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிள்ளை முதல் சில மாதம் நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும் என்று எல்லாத் தாய்மாரின் உடம்பும் செய்கிற ஏற்பாடு அது. கிருமி போகாமல் காவல் மட்டும் போயிருக்கலாம். தாயிடம் இருந்து வந்த ஆன்டிபாடி முழுவதும் நீங்க 18 மாதம் வரை ஆகலாம். எனவே 18 மாதத்துக்கு முன் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பதை வைத்துக் குழந்தைக்கு எச்.ஐ.வி. என்று முடிவு செய்ய முடியாது. பிறந்து 6 வாரத்தில் குழந்தையின் ரத்தத்தைச் சில சொட்டு அட்டையில் எடுத்து, வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அரசு மையத்தில் இருந்தே அனுப்புவார்கள்.

இன்னொரு நல்ல செய்தி. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடம் இருந்து குழந்தைக்குக் கிருமி போகும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை. தாய் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 100-க்கு 5-க்கும் கீழே வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது இதற்காகத்தான். "என்னைச் சந்தேகப்படுறாங்களா?" என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான் நடைமுறை.

குழப்பம் 4: ஆள் மாறாட்டம்

சில சமயம் காவல்காரர் ஒரே ஜாடையில் இருக்கிற வேறு ஆளைப் பிடித்துவிடுவார். டெங்கு வைரஸும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பம். எனவே ஒன்றுக்கான ஆன்டிபாடி மற்றதற்கான டெஸ்டிலும் பாசிட்டிவ் காட்டலாம். வேறு சில காரணங்களாலும் தவறான பாசிட்டிவ் வருவது உண்டு.

நமக்குப் பழகிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,000 பெண்களுக்கு ஒரு டெஸ்டு எடுக்கிறோம். அதில் உண்மையிலேயே நோய் உள்ளவர்கள் 2 பேர் என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்களில் 100 பேருக்கு ஒருவருக்கு மட்டும் தவறாகப் பாசிட்டிவ் காட்டுகிற நல்ல டெஸ்டு அது. முடிவு என்ன? நோய் உள்ள 2 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாத 998 பேரில் சுமார் 10 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 12 பேர் கையில் பாசிட்டிவ் சீட்டு. அதில் 10 பேருக்கு நோயே இல்லை! ஒரே ஒரு டெஸ்டை வைத்து ஊரில் பேர் கட்டினால் அந்த 10 குடும்பத்தின் கதி என்ன?

அதனால்தான் எச்.ஐ.வி.க்கு முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அதோடு விடுவதில்லை. வேறு வேறு விதமான 3 பரிசோதனைகள் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்கிறார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்ததே நம் சென்னையில்தான். அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த மாணவி டாக்டர் நிர்மலாவும். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எலைசா முறையில் சோதித்தார்கள். சில குழிகளில் நிறம் மாறியது. அவர்கள் உடனே அறிவித்துவிடவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு முறையிலும் உறுதி செய்துகொண்டார்கள். நாடே அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர்கள் ஒரு டெஸ்டோடு நிற்கவில்லை. டாக்டர் சுனிதி சாலமன் 2015-ல் காலமாகும் வரை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவே உழைத்தார்.

டெஸ்டு எடுக்கும் முன் என்ன செய்யலாம்?

1. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். "நாலஞ்சு நாளா இருக்கு" என்று சொல்வதைவிட, "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சது, இன்னைக்கு நாலாம் நாள்" என்று சொன்னால் எந்த டெஸ்டு எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார்.

2. லேபுக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் டாக்டர், பிறகு லேப். முடிவு வந்ததும் மறுபடி டாக்டர்.

3. மூன்று கேள்வி கேளுங்கள். "இந்த டெஸ்டு கிருமியைத் தேடுதா, ஆன்டிபாடியைத் தேடுதா? இதை எடுக்க இது சரியான நாளா? மறுபடி எடுத்துப் பார்க்கணுமா?" கேட்பது நம் உரிமை.

4. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். குழு பாஸ்புக் மாதிரி ஒரு பையில் போட்டு வையுங்கள். முன்பு டெங்கு வந்தவருக்கு மறுபடி வேறு வகை டெங்கு வந்தால் கடுமையாகலாம். டெங்குவில் 4 வகை உண்டு. இரண்டாம் முறை வரும்போது ஐ.ஜி.ஜி. சீக்கிரமே ஏறும், ஐ.ஜி.எம். குறைவாகவும் இருக்கலாம். பழைய சீட்டு டாக்டருக்கு உதவும்.

5. சீட்டைவிட உடம்பைப் பாருங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, மூக்கில் அல்லது ஈறில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, மாதவிலக்கில் வழக்கத்துக்கு மேல் உதிரப்போக்கு, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, பிள்ளை மயங்கிய மாதிரி கிடப்பது - இதில் ஒன்று இருந்தாலும் சீட்டில் என்ன போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெங்குவைக் கொல்ல மருந்து இல்லை. நீர்ச்சத்துக் கொடுத்துக் கவனிப்பதுதான் வைத்தியம். அதற்கு ஆன்டிபாடி டெஸ்டு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடையில் கேட்டு ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகள் வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு அதிகமாகும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், அதையும் டாக்டர் சொல்லும் அளவில்.

6. எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, பொதுவாக நம் சம்மதம் இல்லாமல் டெஸ்டு எடுக்கவும் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மற்ற உடல்நலச் சந்தேகங்களுக்கு 104.

அடுத்தவர் சீட்டு நமக்கு எதற்கு?

கடைசியாக ஒரு வேண்டுகோள். குழுவில் கடன் கேட்கும்போது மருத்துவச் சீட்டைக் காட்டுகிற வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. செலவுக்கு ரசீது கேட்பது சரி. ஆனால் டெஸ்டு முடிவை எல்லோர் முன்னாலும் படிப்பதும், தீர்மான நோட்டில் எழுதுவதும் வேண்டாம். "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும். சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டிருக்கிறோம். நம் கூட்டமைப்பின் எல்லாக் குழுக்களும் பின்பற்ற வேண்டுகிறோம். ஒரு வரியைத் தப்பாகப் படித்து ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட நாம் காரணமாகக் கூடாது.

டார்ச் சீட்டோடு வந்த பெண்ணை நாங்கள் மாவட்ட மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கணவரும் மாமியாரும்கூட வந்தார்கள். மருத்துவர் மாமியாரிடமே பேசினார். வெளியே வந்ததும் அந்த அம்மா, "எனக்கு என்னம்மா தெரியும், பாசிட்டிவ்னு போட்டிருந்துச்சு, வியாதின்னு நெனச்சேன்" என்றார். தெரியாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம். தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை அடுத்த வாரக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் போய்ச் சேரட்டும்.

டெங்குவில் பிழைத்த அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் தம்பிக்கு லேசாக உடம்பு சுட்டதும், அவள்தான் முதலில் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாளாம். அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாமும் ஒரு பேனாவைக் காலண்டர் பக்கத்தில் கட்டி வைப்போம்.

அன்புடன்,
சுகாதாரக் குழு